நனைந்த ஸ்பீக்கர் பெட்டியும் கொழும்புக் கிடாரும்

விழிஞ்ஞத்தில் நாங்கள் படம் ஓட்டிக்கொண்டிருந்த கொட்டகையை ஒரு ஜூன் மாதத்து இடவப்பாதி மழை சாய்த்துப் போட்டது. முதலாளி புரொஜெக்டரை மட்டும் தார்ப்பாயில் சுற்றி லாரியில் ஏற்றினார். ஊறிப்போன ஸ்பீக்கர் பெட்டியையும் ஆம்ப்ளிஃபயரையும் காட்டி, "வேணும்னா நீ எடுத்துக்கோ" என்றார். எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஓட்டலில் மாவாட்டி, பஸ்ஸில் கிளீனராக இருந்து, கடைசியில் அந்தக் கொட்டகையில் ஒயர் இழுக்கும் வேலைக்கு வந்திருந்தேன். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி ஓரிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் அறை கிடைத்தது. மதியம் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலும். ராத்திரி பெரும்பாலும் தண்ணீர். அடுத்த அறையில் நாஞ்சில்நாட்டு அக்கா ஒருவர் இருந்தார். கணவரோடு பத்து வருஷம் கொழும்பில் வாழ்ந்தவர். கணவர் இறந்ததும் ஒரு தையல் மெஷினோடும் ஒரு ஹவாயன் கிடாரோடும் கப்பலேறி வந்துவிட்டார். பகலெல்லாம் ரவிக்கை தைப்பார். சாயங்காலம் கிடாரை மடியில் மல்லாத்திப் போட்டு, இடது கையால் ஓர் இரும்புத் துண்டைக் கம்பிகள் மேல் வழுக்கவிட்டு வாசிப்பார். அது வாத்தியக் கடை இரும்பு இல்லை. லாரி எஞ்சினில் கிடந்த பிஸ்டன் பின். மெக்கானிக் ஒருவரிடம் கேட்டு வாங்கிப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நடுவில் உள்ள இடமெல்லாம் அதில் கேட்கும். நான் பல ஊர் பார்த்தவன், பல வாத்தியம் கேட்டவன். நின்று கேட்டது இதைத்தான்.

ஸ்ரீவராகத்தில், எல்லோரும் சாமி என்று கூப்பிடும் பிராமணர் ஒருவர் நாட்டிய நாடகக் குழு நடத்தினார். அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. அக்காவை ஒத்திகைக்குச் சேர்த்திருந்தார். ஆனால் ஹார்மோனியமும் மிருதங்கமும் ஆரம்பித்ததும் கிடார் காணாமல் போய்விடும்.

"அம்மா, உங்க கை ஆடறது நன்னாத் தெரியறது. சத்தம் மாத்திரம் கொழும்பிலேயே நின்னுடுத்தாக்கும்" என்றார் சாமி. ஹார்மோனியக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். கரமனையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடக்கப்போகும் நாடகத்தில் கிடார் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், இல்லையென்றால் குழுவில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்.

"கேக்கலேன்னா ஊருல கொழுந்தன் வீட்டுக்குத்தான் போணும்" என்றார் அக்கா என்னிடம். "சோறு போடுவாவ, அதுல ஒரு கொறையும் இல்ல. கிடாரு மச்சுல ஏறிரும், அவ்வளவுதான்."

"என்கிட்ட ஸ்பீக்கர் இருக்கே, அக்கா."

"அது ஊமைப் பெட்டில்லா?"

"பேச வச்சிரலாம்."

திறந்து பார்த்தால் உள்ளே காகிதக் கூம்பு ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. பட்டம் செய்கிற காகிதத்தைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டினோம். முதல் தடவை பசை தடித்துப்போய், சளி பிடித்த ஆள் பேசுவதுபோல் இருந்தது. பிரித்து, நீர்க்கக் காய்ச்சி, மறுபடி ஒட்டினோம். உப்பிய பலகையை வெயிலில் காயவைத்து உள்ளே சட்டம் அடித்தேன். பட்டாளத்தார் கழித்துவிட்ட ஹெட்ஃபோன் ஒன்றிலிருந்து காந்தச் சுருளை எடுத்து, கம்பியின் அதிர்வைப் பிடிக்க, கிடார்க் கம்பிகளுக்கு அடியில் மெழுகு வைத்துப் பொருத்தினேன். ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் பெட்டி ஊளையிட்டது. நான் ஒயர் ஒயராகத் தடவிக்கொண்டிருந்தேன். அக்கா, வெட்டி மிஞ்சின துணியை அள்ளிக் கிடாரின் வட்ட ஓட்டைக்குள் திணித்தார். ஊளை நின்றது.

"வயிறு காலியா கெடந்தா கத்தத்தானே செய்யும்" என்றார்.

நாடகத்தன்று நான் ஒரு தப்புச் செய்தேன். சினிமாவில் ஆபரேட்டர் ஒரு கோடியில் இருப்பார், ஸ்பீக்கர் மறு கோடியில் திரைக்குப் பின்னால் இருக்கும். நான் கற்றதெல்லாம் அதுதான். அந்தப் பழக்கத்தில் பெட்டியை மேடையிலிருந்து நீள ஒயர் இழுத்து, பாதி ஹாலில், சுவரோரமாக வைத்தேன். கடைசி வரிசைக்குக் கணீரென்று கேட்டது. கேட்காதது அக்காவுக்குத்தான். ஹார்மோனியத்தில் எந்தக் கட்டையை அழுத்தினால் என்ன வரும் என்று விரலுக்குத் தெரியும். இந்தக் கிடாரில் இரும்பு ஒரு நூல் விலகினாலும் சுருதி கெட்டுவிடும்; காது ஒன்றுதான் துணை. முதல் பாட்டு முழுக்கச் சுருதி விலகியது. அதுவும் ஹால் முழுக்கக் கணீரென்று கேட்டது. முன்வரிசையில் ஒருவர், "ஐயோ, பூச்ச கரையுந்நு" என்றார். பூனை அழுகிறதாம். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நானோ பெட்டியில்தான் கோளாறு என்று அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடுகிற பெண்கள் உடை மாற்றப் போன இடைவெளியில், அக்கா கிடாரைக் கீழே வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார். முந்தானையை இடுப்பில் செருகினார்.

"ஒரு பக்கம் பிடிடே."

"எங்க கொண்டுபோக, அக்கா?"

"எனக்குக் கீழ."

இருவருமாக மேடைக்குத் தூக்கினோம். நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, பெட்டியின் வாயை ஜனங்கள் பக்கம் திருப்பி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சாமி ஓடிவந்தார்.

"என்னதிது அம்மா, பெட்டி மேலயா? பாக்கறவா என்ன சொல்லுவா?"

"கேக்கவங்க என்ன சொல்லுகாவன்னு பாப்போம், சாமி."

பெட்டியின் அதிர்வு எலும்பு வழியாகவே ஏறியிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். அன்று அந்த இரும்பு அதன்பின் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. சோகக் கட்டம் ஒன்றில் ஹார்மோனியக்காரர் தன் முறை வந்ததை மறந்து, துருத்தியைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். தப்பைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு பேர் சிரித்தபிறகு இறங்கி வந்து அதைச் சரிசெய்ய அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தைரியம் எனக்கு இன்றுவரை வாய்த்ததில்லை.

நாடகம் முடிந்ததும் சாமி கடைசி வரிசையில் இருந்த தம் மச்சினரை விசாரித்துவிட்டு வந்தார். "கேட்டுதாம்" என்றார். பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தார். "அடுத்த மாசம் நாகர்கோவில்ல நாடகம். அங்கயாவது நாற்காலில உக்காந்து..."

"பெட்டிலதான் உக்காருவேன்."

"சரி, அது மேல ஒரு பட்டுத் துணியாவது போடுங்கோ."

"நானே தைச்சுக்கிடுதேன்."

மறுநாள் காலையில் கொழுந்தனுக்கு ஒரு கார்டு எழுதி, தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். கார்டுதானே என்று படித்தேன். 'எனக்கு இங்கே வேலை கிடைத்துவிட்டது. எனக்காக அறை ஒழிக்க வேண்டாம். அடுத்த மாதம் நாகர்கோவிலில் வாசிக்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரவும். கடைசி வரிசையில் இடம் கிடைத்தாலும் பரவாயில்லை.'