சிவப்பில் சுழிக்காத வரி

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் அம்மாவுக்குச் சர்க்கரைக்குப் புதிய மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். பழைய மாத்திரைக்குச் சர்க்கரை அடங்கவில்லை. பக்கவிளைவு ஏதாவது இருக்குமா என்று கேட்டேன். "எல்லா மாத்திரைக்கும் இருக்கும், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, மருத்துவர் அடுத்த ஆளுக்கு மணி அடித்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்து, ஒரு தொழிற்சாலையில் ஆட்களை மேற்பார்க்கும் லைன் லீடராக இருக்கிறேன். இவர் சொல்லாவிட்டால் நானே படித்துக்கொள்கிறேன் என்று, உத்தனப்பள்ளி வீட்டுக்கு வந்ததும் மாத்திரை டப்பாவில் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தேன். செல்போனில் அர்த்தம் தேடித் தேடி, பயமுறுத்தும் வரிகளையெல்லாம் சிவப்புப் பேனாவால் சுழித்தேன். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். நான் வாசித்துச் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"இத்தன வேல செய்யுதா இந்தத் துக்கடா மாத்திர? எங்க சூப்பர்வைசருகிட்ட குடுடா, ஆளு பத்தல ஆளு பத்தலன்னு அழுவறான்."

மூன்று நாள் மாத்திரையைப் பிரிக்க விடவில்லை. பிறகு நிதானமாகப் படித்தால், நான் சுழித்தவையெல்லாம் அபூர்வமாக வருபவை. சர்க்கரையை அப்படியே விட்டால் கண்ணும் கிட்னியும் கெடும். கடைசியில் சாப்பிடட்டும் என்று முடிவு செய்தேன். அடிக்கடி சிறுநீர் வரும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதை நான் சுழிக்கவே இல்லை. "அடிக்கடி பாத்ரூம் வரும்மா, அவ்ளோதான், ஒண்ணுமில்ல" என்றேன். அம்மா ஏதோ சொல்ல வந்தவர்போல என்னைப் பார்த்தார். பிறகு "சரி" என்றார்.

மூன்றாவது வாரம், வேலை நேரத்தில் மயங்கி விழுந்துவிட்டார். ஜூஜுவாடிப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் கான்ட்ராக்ட் வேலை அவருக்கு. நான் மருத்துவமனைக்கு ஓடியபோது காய்ச்சலில் உதடு வெடித்துப் படுத்திருந்தார். சிறுநீரில் கிருமித்தொற்று, உடம்பில் நீர்ச்சத்தே இல்லை என்றார்கள். கூட வந்திருந்த திருநெல்வேலிக்கார அக்காதான் விஷயத்தைச் சொன்னார்.

"காலைல பஸ் ஏறுனா சாயங்காலம் வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாங்க தம்பி. கேட்டா, மாத்திர போ போங்குது, சூப்பர்வைசர் போகாதங்கான், நான் யாரு பேச்சத்தான் கேக்கன்னு சிரிக்காங்க."

அந்த லைனில் இருபது பெண்களுக்குக் கழிவறை போக ஒரே ஒரு டோக்கன். அது ஆணியில் தொங்கினால்தான் நகரலாம். ஒரு ஷிஃப்டில் இரண்டு தடவைக்கு மேல் எடுத்தால் பெயரை எழுதிக்கொள்வார்களாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெரியவர்களை, பிள்ளை பெற்றவர்களை, சிறுநீர் கழிக்கக் கைதூக்கி நிற்க வைக்க இவர்கள் யார்?

அப்போதுதான் அதே மருத்துவர் கேட்டார், "அம்மா என்ன வேல பாக்கறாங்க?" விழுந்த பிறகு கேட்கிறார். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நான் சொன்னதைக் கேட்டு, அடிக்கடி போக அனுமதிக்கும்படி கம்பெனிக்குக் கடிதம் தருவதாகச் சொன்னார். அம்மா வேண்டாம் என்றார்.

"லெட்டரு கொண்டும்போனா நாளைக்கே என் எடத்துல வேற ஆளு நிக்கும் சார். மாத்திரைய மாத்திக் குடுங்க."

மாற்றிக் கொடுத்தார்கள். பத்து நாளில் அம்மா அதே லைனுக்குத் திரும்பிவிட்டார்.

அம்மா மயங்கி விழுந்ததற்கு மறுநாள், கம்பெனியையும் மருத்துவரையும் திட்டிக்கொண்டே நான் வேலைக்குப் போனேன். என் மேஜைக்குப் பின்னால் சுவரில் ஆணி. ஆணியில் டோக்கன். அதற்கு முந்தின வாரம்தான், கைதூக்கிய ஓர் அக்காவிடம் "இப்பத்தானே போயிட்டு வந்தீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருந்தேன். அவர் கையை இறக்கிக்கொண்டார். அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நானும் கேட்டதில்லை.

கூடுதலாக ஒரு மாற்று ஆள் கேட்டு மேலிடத்துக்கு மூன்று முறை எழுதிவிட்டேன், பதில் இல்லை. டோக்கனைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டு, யார் எழுந்தாலும் அவர் இடத்தில் நானே போய் நிற்கிறேன். அம்மாவுக்கு இப்போது சர்க்கரை அடங்கிவிட்டது. லைனை மாற்ற முடியாமல் மாத்திரையைத்தான் மாற்ற முடிந்தது என்ற கோபம் மட்டும் எனக்கு இன்னும் அடங்கவில்லை.