மூலையில் கிடந்த பெரிய சக்கரம்

கண்டரமாணிக்கம் மாவு மில்லை முத்துவீரன் ஓட்டிய காலத்தில் இருட்டித்தான் வீடு திரும்புவான். "மில்லே கதின்னு கெடக்கீகளா?" என்று மனைவி அன்னக்கிளி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவன் கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்துவிடுவான்.

1967இல் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. மில் அவள் தலையில் விழுந்தது. மத்தியானம் ஓடிப்போய்க் கஞ்சி ஊட்டிவிட்டு வந்தால், அப்புறம் தாகம் எடுத்தாலும் அவள் வரும்வரை அவன் காத்துக் கிடக்க வேண்டும். ஊர்ச் சனம் இதையெல்லாம் பார்க்குமா? பாத்திரமும் கையுமாக வரிசையில் நிற்கும். அவளுக்கு உடம்பும் மனசும் அலுத்துப்போயிற்று.

மில் மூலையில் சாக்குக்கடியில் பெரிய சக்கரம் ஒன்று தூசி படிந்து கிடந்தது. எதற்கு வாங்கினான் என்று அவள் கேட்டதில்லை. ஒருநாள் எஞ்சினில் இருந்த சின்னச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதை மாட்டினாள். எஞ்சினையும் கல்லையும் இணைக்கும் வாருக்கு ஒட்டுப்போட்டு நீட்டினாள். எஞ்சின் பழைய வேகத்தில்தான் ஓடியது. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் பெரிய சக்கரத்தின் விளிம்பு கூடுதல் தூரம் ஓடியது. விளிம்போடு வாரும் ஓட, அரைக்கும் கல் கிறுகிறுவென்று சுற்றியது.

அன்று உமையாள் ஆச்சி வீட்டுக் கல்யாணப் பலகாரத்துக்கு அரிசி வந்திருந்தது. வெயில் தாழுமுன் பாதி அரைத்துவிட்டாள். வெளிச்சத்திலேயே வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

ஆச்சி வந்து மாவுத் தகரத்துக்குள் கையை விட்டார். சட்டென்று எடுத்து முகர்ந்தார்.

"மாவு கொதிக்குது, அன்னக்கிளி. தீஞ்ச வாடை வேற. இதுல சீப்புச்சீடை சுட்டுச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பச் சொல்றியா? இருக்க அரிசியையாவது பதனமா அரச்சுக் குடு."

அன்னக்கிளி தகரத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள். எஞ்சினை நிறுத்திப் பழைய சக்கரத்தையே மாட்டினாள். கல் தன் பாட்டுக்கு மெதுவாகச் சுற்றியது. மிச்ச அரிசி முடியும்போது இருட்டிவிட்டது.

வீட்டில் விளக்கை ஏற்றி, முத்துவீரனின் தலையைத் தாங்கித் தண்ணீர் புகட்டினாள். குடித்துவிட்டு அவள் முந்தானையை முகர்ந்தான்.

"பெரிய சக்கரத்த மாட்டினியா?" குழறிக் குழறித்தான் கேட்டான்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் ஒருக்கா மாட்டிப் பாத்தேன் புள்ள. மாவு தீஞ்சு போச்சு. நீ வாசலப் பாத்துக்கிட்டே இருப்பியேன்னுதான் வாங்குனேன்."

அவளுக்கு அழுகை வந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

"சின்னதையே மாட்டிட்டு வந்துட்டேன்" என்றாள். "நாளைக்கும் இருட்டிரும்."