எலி ஏறாத வண்டி

பெத்தணனைப் பற்றி எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் நான் எழுதாவிட்டால் அவனைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை. சிவகாசிக்கு மேற்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் இருபது வருஷம் மேனேஜராக இருந்தேன். அவன் அங்கே வேன் டிரைவர். என் பெயர் சீனிவாசகம். ஆனால் என் முதுகுக்குப் பின்னால் கம்பெனியில் எல்லோரும் ‘மொளகாய்’ என்றுதான் சொல்வார்களாம். தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு ராணுவ ஏலத்தில் முதலாளி தங்கச்சாமி எடுத்த வேன் அது. முன்னால் இரண்டே சீட்டு. பின்னால் தகரப் பெட்டி, நடுவில் கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். சீசனில் தினமும் இரண்டு நடை சாத்தூர் ரயிலடிக்குப் பட்டாசு லோடு போகும். தீபாவளி முடிந்ததும் மழை பிடித்துக்கொள்ளும். மருந்து காயாது, வேலை இருக்காது. தை பிறக்கிறவரை வேன் ஷெட்டில் சும்மா கிடக்கும். அதுதான் எலிக்குக் கொண்டாட்டமான காலம்.

ஷெட்டின் ஒரு மூலையில் பசை காய்ச்சுவதற்கான மைதா மூட்டைகள் அடுக்கியிருக்கும். காய்ச்சிய பசையில் மயில்துத்தம் கலந்துவிடுவதால் அதை எலி சீண்டாது. மூட்டையில் இருக்கும் வெறும் மாவைத் தேடி வரும். ஷெட்டுக்குப் பின்னால் கம்பங்காடு. ஐப்பசி மழையில் காட்டு வளைகளில் தண்ணீர் ஏறினால் அத்தனை எலியும் குடும்பத்தோடு கிளம்பி எங்கள் ஷெட்டுக்குத்தான் வரும். மாவைத் தின்றுவிட்டு வேனில் ஏறி, சீட்டுப் பஞ்சில் குட்டி போட்டுக் குடித்தனம் நடத்தும்.

ஐம்பத்துநாலாம் வருஷம் மழைக்குப் பிறகு எடுத்த முதல் லோடில், சாத்தூர் ரோட்டில், ஸ்டீரிங்குக்குக் கீழேயிருந்து புகை வந்தது. வயரின் மேலுறையை எலி தின்று வைத்திருந்தது. செம்புக் கம்பி தகரத்தில் உரசிப் பொறி பறந்தது. பின்னால் நாற்பது பெட்டி சரவெடி. பெத்தணன் வண்டியை நிறுத்தி, பாட்டரி வயரை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தான். உள்ளங்கை வெந்து தோல் உரிந்துவிட்டது. அந்தக் கையோடு வந்து என் முன்னால் நின்றான்.

“எலி ஏறுன வண்டியில இனிமே நான் ஏற மாட்டேன்யா. ஒண்ணு அது, இல்ல நானு” என்றான்.

அதிகம் பேசாத ஆள். சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து எலியோடு அவன் நடத்திய சண்டையை நான் கிண்டல் செய்யாத நாளில்லை. சுவரில் இருந்த பொந்துகளையெல்லாம் கண்ணாடிச் சில்லும் சுண்ணாம்பும் குழைத்து அடைத்தான். சீட்டைக் கழற்றிக் கயிறு கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டான். எஞ்சினுக்குள் புகையிலைக் காம்பு, நொச்சித் தழை. சைலன்சர் குழாய் வழியாகக்கூட எலி போகும் என்று வேப்பங்கட்டையைச் செதுக்கி, சாக்கு சுற்றி, குழாயின் வாயில் சுத்தியலால் அடித்து இறுக்கிவிட்டான்.

“ஏலே, ஒம் பொண்டாட்டிக்குக்கூட இம்புட்டுக் காவல் போட்டிருக்க மாட்டியே” என்பேன். சிரிப்பான்.

அவன் மனைவி வெள்ளைத்தாய் எங்களிடம் பாக்கெட் போடும் வேலையில் இருந்தாள். தாளை மடிப்பதில் அவளுக்கு என்று ஒரு வழி. மற்றவர்கள் வலது முனையை வெளியே விட்டு ஒட்டுவார்கள். அவள் இடது முனையை உள்ளே செருகிவிடுவாள். பசையே வேண்டாம், அவிழாது. ஆயிரம் பாக்கெட்டைக் கொட்டினாலும் அவள் போட்டதை நான் தனியாக எடுத்துக் காட்டுவேன். சீசன் இல்லாதபோது அவள்தான் ஷெட்டைக் கூட்டுவாள். புருஷன் எலிக்குப் பொந்தை அடைப்பான், இவள் சிந்திய மாவைக் கூட்டி அள்ளுவாள். செல்லத்தாய் என்று ஒரே பெண், ஆறு வயது.

பெத்தணன் எட்டு நாளைக்கு ஒரு தரம் சைலன்சர் கட்டையைப் பிடுங்கி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மறுபடி அடைப்பான். புகை வெளியேற வழியில்லாவிட்டால் எஞ்சின் ஓடாது. கட்டை இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாதே என்று ஸ்டீரிங்கில் ஒரு சாக்குக் கிழிசலைக் கட்டுவான். கட்டையை எடுத்தால் கிழிசலையும் அவிழ்ப்பான். ஸ்டீரிங் வெறுமையாக இருந்தால் குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம். நாலு வருஷம் கை அப்படிப் பழகிவிட்டது. ஐம்பத்தெட்டில் சாக்கு இற்றுப் போக, கைக்குக் கிடைத்த ஒரு சிவப்புத் துணியை எடுத்துக் கட்டினான். இந்த அடையாள விஷயத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அப்போது எனக்கும் தெரியாது, வெள்ளைத்தாய்க்கும் தெரியாது.

சிவப்புத் துணிக்கு எங்கள் கம்பெனியில் வேறு அர்த்தம் உண்டு. வெடி லோடு ஏறியதும் வண்டியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். லோடு இறங்கியதும் அவிழ்த்து ஷெட்டில் இருக்கும் தகரப் பெட்டியில் வைக்க வேண்டும். காலி வண்டியில் அது தொங்கினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். எந்நேரமும் சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஜனங்களுக்குப் பயம் விட்டுப்போகும். அது நான் போட்ட சட்டம். இன்றைக்கும் அது சரியான சட்டம் என்றுதான் சொல்வேன்.

அந்தக் கார்த்திகையில், ஒரு புதன்கிழமை, வெளியூர் லாரி ஒன்று சிவப்புத் துணியோடு காலியாக உள்ளே வந்தது. வாசலில் வைத்து அந்த டிரைவரை நான் கிழி கிழி என்று கிழித்தேன். “காலி வண்டிக்கு எதுக்குலே செவப்பு? ஒன்னைய நம்பி வண்டியக் குடுத்தாம் பாரு, அவனச் சொல்லணும்!” வேலைக்காரப் பெண்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். வெள்ளைத்தாயும் நின்றாள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முதலாளியோடு ஷெட்டைப் பார்க்க வருவேன், அங்கே ஒரு குறை இருந்தாலும் விடமாட்டேன் என்று அதே மூச்சில் கத்திவிட்டுப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். ஷெட்டிலிருந்து வெள்ளைத்தாயின் சத்தம் கேட்டது. மைதா மூட்டைச் சந்தில் கூட்டும்போது நல்ல பாம்பு புறங்கையில் போட்டுவிட்டது. வண்டியில்தான் எலி ஏறவில்லையே தவிர, மூட்டைச் சந்தில் எலி இருந்தது. எலியைத் தேடிப் பாம்பு வந்திருக்கிறது.

நான் ஓடிப் போனபோது பெத்தணன் அவள் கையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். விஷமுறிவு ஊசிக்கு அப்போது எங்களுக்குத் தெரிந்தது மதுரை ஒன்றுதான். வேறு வண்டி பக்கத்தில் இல்லை. அவன் சீட்டை இறக்கி மாட்டி, பாட்டரி வயரைப் பூட்டி, பெட்ரோல் ஊற்றினான். அத்தனையும் கண்மூடித் திறப்பதற்குள் முடித்தான். ஸ்டீரிங்கைப் பார்த்தான். வெறுமையாக இருந்தது. ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தான்.

எஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது.

மறுபடி இருமியது, நின்றது. நான் முன்னால் போய் ஹாண்டில் போட்டுச் சுற்றினேன். அதே கதை. “எலி வயரக் கடிச்சிருச்சுய்யா” என்று அழுகிற குரலில் சொன்னான். பானெட்டைத் திறந்து ஒவ்வொரு வயராகத் தடவிப் பார்த்தான். எல்லாம் புதிது போல இருந்தன. கார்பரேட்டரைக் கழற்றி ஊதினான். பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினான். பாயில் சாய்ந்திருந்த வெள்ளைத்தாய்க்குக் கண் இமை இறங்கத் தொடங்கியது. அவளோடு பாக்கெட் போடும் முருகம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டு, “தூங்காத தாயி, தூங்காத” என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நாற்பது நிமிஷம் அப்படிப் போனது.

கடைசியில் அவன் வண்டிக்கு அடியில் புகுந்தான். சைலன்சர் குழாயைத் தடவிக்கொண்டே போன கை அதன் வாயில் நின்றது. வெளியே வந்து பின்பக்கம் ஓடி, சைலன்சர் கட்டையைச் சுத்தியலால் ஒரே தட்டில் தெறிக்கவிட்டான்.

“துணி இல்லையேய்யா... ஸ்டீரிங்குல துணி இல்லையே” என்றான், என்னைப் பார்த்து. எனக்கு ஒன்றும் புரியவில்லை. “ஏறுலே!” என்று கத்தினேன். முதல் தரமே எஞ்சின் பிடித்தது. அவ்வளவு அருமையாக வைத்திருந்தான் அந்த வண்டியை.

அவன் பக்கத்தில்தான் உட்காருவேன் என்று வெள்ளைத்தாய் சைகை காட்டினாள். சேலை முந்தானையால் சீட்டோடு சேர்த்துக் கட்டினோம். நானும் முருகம்மாளும் பின்னால் ஏறினோம். எஞ்சின் சத்தத்தில் முன்னால் பேசுவது கேட்காது. கம்பி ஜன்னல் வழியாக அவள் தலை அவன் தோளில் சாய்ந்திருப்பது தெரிந்தது. விருதுநகர் தாண்டுவதற்குள் அவள் அவனிடம் ஏதோ கேட்டாள். அவன் ரோட்டைப் பார்த்தபடியே தலையை ஆட்டினான், இல்லை இல்லை என்று. அவள் மறுபடி ஏதோ சொன்னாள். அவன் மறுபடி இல்லை என்று ஆட்டினான். சாக மாட்டாய் என்று தைரியம் சொல்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

திருமங்கலத்தில் உயிர் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது இல்லை. அரைமணி நேரம் முன்னால் வந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னார். அவர் வருத்தத்தில் சொன்னார். நான் அதைக் கோபத்தோடு கையில் எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெத்தணன் அந்த அடையாளத் துணி விஷயத்தைச் சொன்னான். “நேத்து கட்டய அடிச்சுட்டுத் துணி கட்ட மறந்துட்டேன்யா” என்றான்.

“ஒரு முழத் துணிய முடியத் துப்பில்லாம ஒரு உசுரக் கொன்னுட்டியேலே!” என்றேன். தகவல் கிடைத்து அப்போதுதான் வெள்ளைத்தாயின் அண்ணன் கோட்டைச்சாமி ஆனைக்குட்டத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தான். நான் சொன்னது அவன் காதில் முழுசாக விழுந்தது. பெத்தணன் தலையைக் குனிந்துகொண்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கோட்டைச்சாமி செல்லத்தாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். “ஆத்தாளக் கொன்னவன்கிட்ட புள்ளைய விட்டுட்டுப் போகச் சொல்றீகளா?” என்று ஊர்க்காரர்களைக் கேட்டான். அதற்கும் பெத்தணன் தலையைக் குனிந்தே நின்றான். அந்தப் பெண் அவனைப் பார்த்துக் கை நீட்டி அழுதது என்று முருகம்மாள் சொன்னாள். வளர வளர அது அழுவதை விட்டது. பிறகு ஆனைக்குட்டத்துத் தெருவில் அவனைக் கண்டால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் அளவுக்கு ஆயிற்று. அவன் மாதம் ஒரு தரம் போய், அந்தச் சாத்திய கதவைப் பார்த்துவிட்டு வருவான்.

சாவியை என் மேஜையில் வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் ஸ்டீரிங்கைத் தொடவில்லை. வேறு டிரைவர் வந்தான். பெத்தணன் ஷெட்டுக்குக் காவலாளி ஆனான். பொந்து அடைப்பது, மாவைக் கூட்டுவது, பொறி வைப்பது எல்லாம் பழையபடி செய்தான். அவள் கூட்டிய இடத்தை அவனே கூட்டினான். சைலன்சருக்குக் கட்டை மட்டும் அடிக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கம்பிவலைத் தொப்பி ஒன்று செய்து மாட்டினான். புதிய டிரைவர்களிடம் நான், “இந்த ஆளு மாதிரி மறதிக்காரனா இருந்துராதீக” என்று அவன் காதுபடவே சொல்வேன். எட்டு வருஷம் சொன்னேன்.

அறுபத்தாறில் முதலாளி புது லாரி வாங்கினார். வேனை விற்பது என்று முடிவாயிற்று. அதைக் காலி செய்யும்போது நானும் நின்றேன். டிரைவர் சீட்டைத் தூக்கினேன். அடியில் பிஸ்கட் டப்பா ஒன்று. திறந்தால் ஒரு சிவப்புத் துணி. நான்காக மடித்து, இடது முனையை உள்ளே செருகியிருந்தது.

அந்த மடிப்பை நான் எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவேன். “இது வெள்ளைத்தாயி மடிப்புல்ல?” என்றேன்.

பெத்தணன் டப்பாவை வாங்கி மூடினான். நான் விடவில்லை. கையைப் பிடித்து நிறுத்தி மறுபடியும் கேட்டேன்.

“துணி கட்டத்தான்யா செஞ்சேன்” என்றான். “அன்னைக்குக் காலையில அவதான் அவுத்து மடிச்சுத் தகரப் பொட்டியில வச்சிருக்கா. காலி வண்டியில செவப்பு இருந்தா நீங்க என்னைய வஞ்சுருவீகன்னு.”

மைதா மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“நான் துணி இல்லையேன்னு சொன்னது அவ காதுல விளுந்துருச்சு. வண்டியில வரும்போது கேட்டா. ‘நான் அவுத்த துணியா, அதனாலயா?’ன்னு. இல்ல புள்ள, அது வேற துணின்னேன். ‘நெசமாவா?’ன்னா. நெசமாத்தான், நீ அவுத்தது வேற, நான் கட்ட மறந்தது வேறன்னேன். நம்பிட்டாய்யா. அப்புறம் அவ ஒண்ணும் கேக்கல.”

கம்பி ஜன்னலில் நான் பார்த்த தலையாட்டல் அது. எட்டு வருஷத்துக்குப் பிறகு எனக்கு அர்த்தமாயிற்று.

“நீ ஏன்லே எங்கிட்டச் சொல்லல? ஒம் மச்சான்கிட்டயாவது சொல்லக் கூடாதா? ஒம் மக ஒன்னயப் பாத்துக் கதவச் சாத்துதே!” என்று கத்தினேன். கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. “நாளைக்கே நான் ஆனைக்குட்டம் போறேன். அந்தப் புள்ளைட்ட எல்லாத்தையும் சொல்றேன்.”

“வேண்டாம்யா” என்றான். “ஆத்தா அவுத்த துணியாலன்னு தெரிஞ்சா, அவளே சாவத் தேடிக்கிட்டான்னு அது நெனைக்கும். செத்தவ மேல புள்ளைக்கு எதுக்குய்யா வருத்தம்? எம்மேல இருக்குறது அப்படியே இருக்கட்டும். நான் உசுரோட இருக்கேன்ல, தாங்கிக்கிருவேன்.”

பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்தோ என்னவோ, “ஒங்க சட்டத்துல தப்பு இல்லய்யா. நான்தான் அவகிட்டச் சொல்லி வச்சிருக்கணும்” என்றான். டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு சுண்ணாம்புச் சட்டியை எடுத்தான். பின்சுவரில் புதிதாக ஒரு பொந்து விழுந்திருந்தது. உட்கார்ந்து அதை அடைக்க ஆரம்பித்தான்.

மறுநாள் ஆனைக்குட்டத்துக்குப் பஸ் ஏறினேன். செல்லத்தாய் வீட்டு முற்றத்தில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பதினாலு வயது. தாயைப் போலவே கை ஓடியது. என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்கய்யா, யாரப் பாக்கணும்?” என்றாள். தண்ணீர் கேட்டேன். கொடுத்தாள். குடித்துவிட்டு, வழி தவறி வந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

பெத்தணன் வேண்டாம் என்று சொன்னதால்தான் சொல்லவில்லை என்று கொஞ்ச காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். துணியைச் சொன்னால் அதை யாருக்குப் பயந்து அவிழ்த்தாள் என்பதையும் அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் கதவு பிறகு என்னைப் பார்த்துச் சாத்திக்கொள்ளும். அதற்குப் பயந்து, அவனைப் பார்த்துச் சாத்திக்கொள்ளும்படியே விட்டுவிட்டு வந்தேன்.