பேதியில் செத்த பட்டாளத்துக்காரன்

சேட்டு சின்ன வயதில் நன்றாகப் பொய் சொல்வான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டதற்கு அவன் சொன்ன காரணங்களில் அவனுடைய சித்தப்பா மட்டும் மூன்று தடவை செத்துப்போனார். மூன்று தடவையும் வாத்தியார் நம்பினார். வளர்ந்து, கல்யாணம் கட்டி, பட்டாளத்துக்குப் போய், கைதியாகி, பதினாலு மாதம் கழித்துத் திரும்பி வந்து ஒரே ஒரு விஷயத்தைக் கூட்டாமல் குறைக்காமல் உள்ளது உள்ளபடி சொன்னான். அதை மட்டும் ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. உண்மைக்கு இந்த ஊரில் அவ்வளவுதான் மரியாதை.

கோட்டூர்புரத்தில், அடையாற்றங்கரைக் குடிசைகளில் பிறந்தவன் அவன். மூன்று குடிசை தள்ளி கபாலி. கபாலியின் அம்மா முனியம்மாள் மந்தைவெளி மார்க்கெட்டில் மீன் விற்பவள். புருஷனைச் சீக்கிரமே தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒற்றைப் பிள்ளையை மீன்கூடையோடு தூக்கி வளர்த்தவள். தீவுத்திடலில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கபாலியை இழுத்துக்கொண்டு போனது சேட்டுதான். மார்பளவில் கபாலிக்கு அரை அங்குலம் குறைந்தது. "மூச்ச இஸ்து புட்சிக்கடா" என்று பின்னாலிருந்து சேட்டு காதைக் கடித்தான். கபாலி மூச்சை இழுத்தான், தேறினான். அன்று முனியம்மாள் கூடையில் இருந்த மீனையெல்லாம் குடிசை வரிசைக்கே சும்மா கொடுத்தாள்.

இலங்கைக்கு அமைதிப்படை போனபோது இருவரும் போனார்கள். சேட்டு தண்ணீர் லாரி ஓட்டினான்; பக்கத்தில் துப்பாக்கியோடு கபாலி. எண்பத்தெட்டு மே மாதம் ஒரு காட்டுப் பாதையில் லாரி டயர் வெடித்தது. முன்னே போன வண்டிகள் போய்விட்டன. இயக்கப் பையன்கள் நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டார்கள். இருந்த தோட்டா தீரும்வரை கபாலி சுட்டான். தீர்ந்ததும் இருவரும் கையைத் தூக்கினார்கள். இதில் மறைக்க ஒன்றுமில்லை, சேட்டு மறைக்கவும் இல்லை.

பிடிபட்ட ஒன்பதாம் மாதம் கபாலிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. காட்டுக்குள் ஓலைக் கொட்டகை, குட்டைத் தண்ணீர், அரை வயிற்றுக் கஞ்சி. மருந்து அவர்களுக்கே கிடையாது. சேட்டு அவனை முதுகில் தூக்கிப் போய்த் தூக்கி வந்தான், கழுவிவிட்டான். ஒரு விடியற்காலை காவலுக்கு இருந்தவர்கள் ஹெலிகாப்டர் சத்தத்துக்குப் பயந்து மரங்களுக்குள் ஓடிவிட்டார்கள். வழி திறந்து கிடந்தது. "நீ போடா, நான் பாத்துக்கறேன்" என்றான் கபாலி. எழுந்து உட்காரக்கூட முடியாதவன் எதைப் பார்த்துக்கொள்வான்? சேட்டு போகவில்லை. மூன்றாம் நாள் கபாலி, "அம்மா, அம்மா" என்று அழுதபடியே செத்துப்போனான். குழி தோண்டியதும் சேட்டுதான்.

அதற்கப்புறம் ஆறு மாதத்துக்குள் சேட்டை விட்டார்கள். ஏன் விட்டார்கள் என்று பட்டாளத்து விசாரணையில் கேட்டபோது, "அத அவங்களத்தான் கேக்கணும் சார்" என்றான். பிணம் இல்லாததால் கபாலியைக் 'காணவில்லை' என்று எழுதிக்கொண்டார்கள். சேட்டுக்கு மலேரியா, ஒரு காது கேட்கவில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எழும்பூரில் இறங்கியவன் தன் வீட்டுக்குப் போகவில்லை. முதலில் முனியம்மாளிடம்தான் போனான். அவள் மீன் செதிள் சுரண்டிக்கொண்டிருந்தாள். காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் கத்தி நின்றது.

"பேதியா? என் புள்ள பேதியில செத்தான்றியா?"

"ஆமா அத்த. நான் கூடவே இருந்தேன்."

"இங்கியே இந்தச் சாக்கடத் தண்ணிய குட்ச்சி வளந்தவன்டா அவன். ஒரு நாளு அவனுக்கு வவுறு வலிச்சதில்ல. மிலிட்டரிக்காரன் குண்டு பட்டு சாவான். பேதியில எவன்டா சாவறான்?" கத்தியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நீ அவன உட்டுட்டு ஓடியாந்துட்ட. அவன் அங்க உசுரோட கீறான். மூஞ்சிய காட்டாத, போ."

அதுதான் ஆரம்பம். கபாலிக்குக் காரியம் செய்ய அவள் ஒப்பவே இல்லை. படத்துக்கு மாலை போடவில்லை, நெருங்கின சொந்தம் ஒப்பாரி வைக்க வந்தபோது துடைப்பத்தை எடுத்தாள். இரண்டு வேளையும் பிள்ளைக்கு ஒரு கை அரிசி கூடப் போட்டு வடித்தாள். சேட்டு வாசலைத் தாண்டும் போதெல்லாம் கூப்பிட்டு, "இன்னிக்காவது நெஜத்த சொல்லுடா" என்பாள். அவன் நின்று மறுபடி அதையே சொல்வான். வேறு எதைச் சொல்வது?

ஊரும் சும்மா இருக்கவில்லை. அப்போது அமைதிப்படையைத் திட்டிச் சுவரெல்லாம் போஸ்டர். "நம்ம ஜனத்த சுடப் போனவன்தான நீ" என்று டீக்கடையில் அவன் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். தொண்ணூற்றொன்று மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. மறு வாரம் போலீஸ் ஜீப் அவனைத் தேடி வந்தது. இரண்டு நாள் வைத்து விசாரித்து அனுப்பினார்கள். அதே டீக்கடையில் அதே ஆட்கள், "பதினாலு மாசம் சோறு போட்டு அனுப்பி வெச்சானுங்கன்னா சும்மாவா? அவன் அவங்க ஆளு" என்றார்கள். மத்தளத்துக்காவது அடி விழுந்தால் தாளம் வரும். சேட்டுக்கு இரண்டு பக்கமும் அடி மட்டும்தான்.

பிழைப்புக்கு ஆழ்வார்பேட்டையில் கஸ்தூரிரங்கன் என்கிற ஓய்வுபெற்ற ஆடிட்டரிடம் டிரைவராகச் சேர்ந்தான். நல்ல மனுஷர்தான், வாய்தான் ஓயாது. காலையில் பார்க்கில் நடக்கும் சிநேகிதர்களுக்கு நடுவே அவனை நிறுத்தி, "இவன்தான் நான் சொன்னவன்" என்பார், ஏதோ கண்காட்சிக்கு வாங்கிவந்தது மாதிரி.

"ஏம்ப்பா, ஒளிக்காம சொல்லு. அவா உன்னை அடிக்கவே இல்லையா?" என்றார் ஒருத்தர்.

"மொதல்ல அடிச்சாங்க சார். அப்பால உட்டுட்டாங்க."

"நகத்தைப் பிடுங்கறது, ஷாக் கொடுக்கறது, அதெல்லாம்?"

"இல்ல சார்."

"தப்பிச்சு வரணும்னு தோணவே இல்லையா நோக்கு? சுரங்கம் கிரங்கம் தோண்டி..."

"கூட இருந்தவனுக்கு ஒடம்பு முடியல சார். பேதி."

அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "பேதியாமே" என்றார் ஒருவர் மெதுவாக, கஸ்தூரிரங்கனிடம். சேட்டுக்கு ஒரு காதுதான் கேட்காது. இன்னொன்று நன்றாகவே கேட்கும். காருக்குத் திரும்பும்போது கஸ்தூரிரங்கன், "போனாப் போறது சேட்டு, எல்லாரும் வீரனா இருக்க முடியுமா?" என்று தோளில் தட்டினார். ஆறுதல் சொன்னாராம்.

நம்பினது ஒரே ஒருத்திதான்: பெண்டாட்டி ஷீலா. மற்றவர்களுக்குச் சொல்லாத ஒன்றையும் அவளுக்குச் சொல்லியிருந்தான். கபாலி கிடந்தபோது, கழுத்தில் விஷக்குப்பி தொங்கிய ஒரு பதினேழு வயதுப் பையனின் காலில் அவன் விழுந்தான். காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பையன் கூச்சப்பட்டு, தனக்கென்று வைத்திருந்த இரண்டு மாத்திரையைக் கொடுத்தான். கபாலி அதையும் வாந்தி எடுத்துவிட்டான். இதைக் கேட்டு ஷீலா அழுதாள். "வெளிய சொல்லாதய்யா, சிரிப்பானுங்க" என்றாள். மூன்று ஃப்ளாட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிறவள், புருஷனைப் பற்றி எவளாவது ஒரு வார்த்தை சொன்னால் குழாயடியிலேயே குடத்தைத் தூக்கி வீசுவாள். அந்த ஒருத்தியை வைத்துத்தான் அவன் நாலு வருஷம் தலை நிமிர்ந்து நடந்தான்.

தொண்ணூற்று மூன்றில் ஐப்பசி அடைமழை. மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் காலை ஏரியைத் திறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஆறு கரையேறிக் குடிசைக்குள் வந்தது. ஜனங்கள் அண்டா குண்டாவைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். ஷீலாவை மூட்டையோடு கிளப்பிவிட்டு சேட்டு திரும்பிப் பார்த்தபோது முனியம்மாள் குடிசையில் புகை வந்துகொண்டிருந்தது. ஓடினான். ஷீலாவும் பின்னாலேயே வந்தாள்.

முழங்கால் தண்ணீரில் கட்டில் மேல் அடுப்பை ஏற்றி வைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள் முனியம்மாள்.

"அத்த, வா. தண்ணி இன்னும் ஏறும்."

"நான் வரல. அவன் வந்து பாத்தா ஊடு பூட்டிக் கெடக்கக் கூடாது."

"ஊடே இருக்காது அத்த!"

"அப்போ நான் மட்டும் எதுக்கு?"

கையைப் பிடித்து இழுத்தான். கட்டில் காலைக் கட்டிக்கொண்டாள். அறுபது வயதுப் பொம்பளைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. பின்சுவர் மண் கரைந்து விழுந்தது. தண்ணீர் சடாரென்று தொடைக்கு ஏறியது. இவள் மகனைத்தான் சேட்டால் காப்பாற்ற முடியாமல் போயிற்று. இவளும் இங்கேயே செத்தால் அப்புறம் அவன் என்னத்துக்கு உயிரோடு வந்தான்?

"அத்த, நெஜத்த சொல்றேன்" என்றான். "கபாலி பேதியில சாவல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓடிப் போலாம்னு அவன்தான் சொன்னான். நான் மாட்டேன்ட்டேன். பயம் எனக்கு. அவன் காவக்காரன் துப்பாக்கிய புடுங்கிக்கினு ரெண்டு பேர சாச்சான். அப்பால அவன சுட்டுட்டானுங்க. நான் கொட்டாயில ஒளிஞ்சிக்கினு பாத்துக்கினே இருந்தேன். அத சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் பேதின்னேன்."

நாலு வருஷமாக ஒரு உண்மையைத் தள்ளித் தள்ளி ஒரு அடிகூட நகர்த்த முடியாதவன். இந்தப் பொய் தண்ணீரைப் போலத் தானாக ஓடியது. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"எங்க பட்டுது?" என்றாள் முனியம்மாள்.

"நெஞ்சுல."

"முதுகுல இல்லியே?"

"நெஞ்சுல அத்த. மூணு குண்டு."

அவள் வாய் மெல்லத் திறந்தது. நாலு வருஷம் அடக்கி வைத்த சத்தம் அப்போதுதான் வெளியே வந்தது. "என் ராசா" என்று மாரில் அடித்துக்கொண்டாள். அதே கையால் சேட்டின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். "எனக்கு அப்பவே தெரியும்டா. அப்பவே தெரியும்." கட்டில் காலை விட்டுவிட்டாள். அவன் குனிந்து அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு இடுப்புத் தண்ணீரில் நடந்தான். "பேடி, பேடி" என்று வழி நெடுக அவன் தலையில் குத்திக்கொண்டே வந்தாள். அவனுக்கு வலிக்கவில்லை, அவள் உயிரோடு இருக்கிறாள் என்பது ஒன்றுதான் நினைவில் இருந்தது. ஷீலா மூட்டையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

பள்ளிக்கூடத்து வராந்தாவை எட்டுவதற்குள் செய்தி பரவிவிட்டது. இதை ஒருத்தரும் சந்தேகப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. எந்தக் காடு, எந்த மாதம், துப்பாக்கியை எப்படிப் பிடுங்கினான் என்று ஒரு வாய் கேட்கவில்லை. "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றுதான் எல்லா வாயும் சொன்னது.

தண்ணீர் வடிந்த பிறகு சாந்தோம் கடற்கரையில் கபாலிக்குக் கருமாதி நடந்தது. மூச்சை இழுத்துப் பிடித்த மாதிரி விறைத்து நிற்கும் யூனிபாரப் படத்துக்கு ஆள் உயர மாலை. 'வீர மரணம்' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். டீக்கடை ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கஸ்தூரிரங்கன்கூட ஒரு மாலை வாங்கிக் கொடுத்தனுப்பியிருந்தார். பந்தியில் சேட்டு கடைசியாகப் போய் நின்றபோது பரிமாறுகிறவன் தயங்கினான். முனியம்மாள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "அவனுக்கும் ஒரு எல போடு. பயந்தாங்கொள்ளிக்கும் வவுறு கீதுல்ல."

சேட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். அவமானம்தான். இருந்தும் கபாலிக்கு எள்ளும் தண்ணியும் கிடைத்துவிட்டதே என்று ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. போகட்டும், வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்குத் தெரியும் என்று தேற்றிக்கொண்டான்.

வீட்டில் ஷீலா நனைந்த துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய் நின்றான்.

"பாத்தியா ஷீலா? ஒரே ஒரு பொய். எல்லாம் நம்பிட்டானுங்க."

அவள் திரும்பவில்லை. "எது பொய்யி?" என்றாள்.

"இன்னா கேள்வி இது? உனக்குத்தான் தெரியுமே. அந்தக் கெழவிய கெளப்பறதுக்கு..."

"அன்னிக்குத் தண்ணியில நின்னுகினு அவளாண்ட சொன்னியே, அப்போ உன் மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன்." ஷீலா ஒரு சேலையைப் பிழிந்தாள். "என்னாண்ட அந்த மாத்திர கத சொன்னப்போ எப்டி இருந்துச்சோ, அட்சர சுத்தமா அப்டியேதான் இருந்துச்சு. கண்ணுல தண்ணிகூட அதே மாதிரி வந்துச்சு. நான் எதய்யா நம்பறது?"

சேட்டு ஈரத் தரையில் உட்கார்ந்தான். "உன் தலமேல சத்தியமா ஷீலா, அவன் பேதியிலதான் செத்தான். நான்தான் கழுவி உட்டேன். அந்தப் பையன் கால புட்சேன்..." என்று டயர் வெடித்ததிலிருந்து மறுபடியும் ஒன்று விடாமல் சொல்ல ஆரம்பித்தான். கெஞ்சிக் கெஞ்சிச் சொன்னான்.

ஷீலா துணியை உதறிக்கொண்டே "உம்" கொட்டினாள்.