பல்லுக்காரரின் பழைய பதிப்பு

"இதெல்லாம் ஒரு புத்தகமா? குப்பை!" என்று கணினியில் தட்டிவிட்டு, பல்லுக்காரர் கையிலிருந்த கடைவாய்ப்பல்லை ஊதினார். வெள்ளைத் தூசி விசைப்பலகை முழுக்கப் பறந்தது. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பவர் அவர். ஒரு பல்லைத் தேய்ப்பார், இணைய ரசிகர் குழுவில் ஒரு கண்டனம் எழுதுவார்; மறுபடி ஒரு பல், மறுபடி ஒரு கண்டனம். ஒரு மாதமாக இதுதான் பிழைப்பு. பாவம், யாரோ ஒருவர் பொக்கை வாயோடு அந்தப் பல்லுக்காகக் காத்திருக்கிறார்.

எல்லாம் ஒரு விளையாட்டால் வந்த வினை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் வீரன், ஒருவர் மந்திரக்காரி, ஒருவர் குள்ளன் என்று வேடம் கட்டிக்கொண்டு, இருபது முகமுள்ள பகடையை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. கதையை நடத்துவதற்கென்று ஒருவர் உண்டு. அவர் சொன்னால் மழை பெய்யும், பாலம் இடியும். வீட்டில் ரிமோட்கூடக் கைக்குக் கிடைக்காத பல்லுக்காரர், ஞாயிறு மதியம் அந்த நாற்காலியில் ஏறிவிட்டால் கடவுள்தான். இப்போது விதிப்புத்தகத்துக்குப் புதிய பதிப்பு வந்து தொலைத்திருக்கிறது.

"குள்ளனுக்கு மந்திரம் வருமாம்! நாளைக்குக் குதிரைக்குக் கொம்பு வைப்பானுங்க!"

"கொம்புக் குதிரை ஏற்கெனவே விளையாட்டுல இருக்கே மச்சான்," என்றான் மனைவியின் தம்பி.

புத்தகத்தை அவர் வாங்கவில்லை. வாங்கினால் கொள்கை என்னாவது? அட்டையைப் பார்த்ததே போதுமாம். அதிலிருக்கும் டிராகனுக்குப் பல்வரிசை தப்பு என்று மட்டும் மூன்று பத்தி எழுதினார். அதற்குக் குவிந்த விருப்பக்குறிகளைப் பார்த்தால், படிக்காமலே திட்டுகிற கூட்டம் பெரிய கூட்டம்தான் போலிருக்கிறது.

கடைசியில் புத்தகத்தை வாங்கி வந்தது அவர் மனைவி. வாங்கியதோடு விட்டாரா? பழையதையும் பக்கத்தில் வைத்துப் படித்துத் தொலைத்தார்.

"ஏங்க, குள்ளனுக்கு மந்திரம் பழைய புத்தகத்துலயே இருக்கு. நீங்கதான் கிடையாதுன்னு சொல்லிட்டீங்க."

"எங்க இருக்கு?"

"குள்ளர்கள்னு தலைப்புப் போட்ட பக்கத்துல."

வருஷக்கணக்காகக் குள்ளனாகவே ஆடி, மந்திரம் கேட்கும்போதெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்ட மைத்துனன் எழுந்தே விட்டான். "அப்போ இத்தனை வருஷமா வெறும் கோடாலியோட என்னை அலைய விட்டீங்களா?"

"அச்சுப் பிழைன்னு நினைச்சேன்டா."

அன்றே ஆட்சி மாறியது. புதிய விதிப்படி மனைவியே கதையை நடத்துவது என்று முடிவு. "நீங்களும் ஒரு ஆளா ஆடுங்க. இல்லேன்னா உள்ள போய்ப் பல்லைத் தேய்ங்க."

விறுவிறுவென்று உள்ளே போனார். ஒரு பல்லை எடுத்தார், வைத்தார். வெளியே சிரிப்புச் சத்தம். தான் இல்லாமலே இவர்களால் இப்படிச் சிரிக்க முடிகிறதே என்பதுதான் அவரைச் சுட்டது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு திரும்பி வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். மிச்சமிருந்தது திருடன் வேடம்.

"கூரை விட்டுக் கூரை தாவுறீங்க. பதினஞ்சுக்குக் குறைஞ்சா கீழே விழுந்து செத்தீங்க. உருட்டுங்க," என்றார் மனைவி.

கதை நடத்துபவர் மட்டும் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உருட்டிக்கொள்ளலாம். மற்றவர்கள் எல்லோர் கண்ணெதிரிலும் உருட்ட வேண்டும். பல்லுக்காரர் உருட்டினார். பகடை நிற்பதற்குள் அவர் உள்ளங்கை அதன்மேல் விழுந்து மூடியது.

"பதினேழு," என்றார்.

"கையை எடுங்க."

விரலிடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தார். பிறகு இன்னொரு கையையும் கொண்டுவந்து அதன்மேல் வைத்துக்கொண்டார்.