படிக்கொரு போட்டோ

"ராகவன் சார் இக லேரு", சார் இனி இல்லை என்று கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் பேருந்தில் இருந்தேன். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் குழு முழுக்கக் கூப்பிய கைகள். நான் கூப்பவில்லை. மாலையில் ஆங்கிலத் துறைத் தலைவி போன் செய்து, "மேடம், சபாலோ மீரு கூடா மாட்லாடாலி. இரங்கல் கூட்டத்துல நீங்களும் பேசணும். நல்லதா நாலு வார்த்தை போதும்" என்றார். நல்லதாக நாலு வார்த்தைக்கு வேறு ஆள் பார்த்திருக்கலாம்.

சாரைத் தெரிந்தவர்கள் நீங்கள். மனித சுபாவத்தைப் பற்றி வாராவாரம் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதியவர். ஆங்கிலம் வாசிக்காதவர்களுக்கு யாராவது அதைத் தெலுங்கில் பெயர்த்து ஃபார்வர்ட் செய்வார்கள். "அறிவுரை கேட்க வருகிறவன் முடிவெடுத்துவிட்டுத்தான் வருகிறான், கூட்டுக்கு ஒரு குற்றவாளி தேடுகிறான்" என்று எழுதுவார். ஸ்டாஃப் ரூமே குலுங்கும். சிரிப்பது யாருடைய செலவில் என்று அங்கே யாரும் கேட்டதில்லை.

என் அண்ணன் நகரியில் விசைத்தறி ஓட்டுகிறார். அண்ணிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து திருமலை வரை ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து ஏறுவதாக வேண்டிக்கொண்டது அண்ணிதான். அவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டதால் அண்ணன் ஏறினார். குனிந்து பொட்டு வைப்பார், நிமிர்ந்து போட்டோ எடுப்பார், அண்ணிக்கு அனுப்புவார், அடுத்த படிக்குப் போவார். பாதி வழியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மிச்சத்தை அடுத்த வாரம் முடிக்கலாம் என்று இறங்கிவிட்டார்.

அன்று காலை அந்தப் பக்கம் நடக்க வந்த ராகவன் சார் அவரைப் பார்த்திருக்கிறார். அந்த வாரக் கட்டுரை, படிக்கொரு போட்டோ எடுக்கும் பக்தனைப் பற்றி. "பெருமாள் ஒருவர் பார்த்தால் இவருக்குப் போதாது" என்று அதில் ஒரு வரி. பெயர் இல்லை. ஆனால் நகரி இருந்தது, தறி இருந்தது, கழுத்து மச்சம்கூட இருந்தது. ஃபார்வர்ட் நகரிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? தெருவில் அண்ணனைக் கண்டால் குனிந்து பொட்டு வைத்து, போனைத் தூக்கி, நடித்துக் காட்டினார்கள்.

"அவ வேண்டிக்கின வேண்டுதல்மா. படுத்துக்கினே ஒவ்வொரு படியா பாத்துக் கும்பிட்டுக்கினு இருந்தா. இனிமே நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு ஏறுறது?" என்றார் அண்ணன். மிச்சப் படிகளை அவர் ஏறவே இல்லை. டயாலிசிஸுக்குக் கிளம்பும்போதெல்லாம் அண்ணி, "பாதியில நிக்குது" என்கிறார்.

நான் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த வாரம் இரண்டு வரி விளக்கம் எழுதச் சொல்லிக் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஆளைப் பத்தி எழுதலம்மா. மனுஷ சுபாவத்தைப் பத்தி எழுதினேன்" என்றார். அவர் ஓய்வு பெறும்வரை நான் அவரோடு பேசவில்லை.

போன மாதம், துறையில் எல்லோரும் வற்புறுத்தியதால், ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கட்டிலில் தனியாக இருந்தார். "அம்மா எங்க சார்?" என்று அவர் மனைவியைப் பற்றிக் கேட்டேன். பதில் வருவதற்குள் அவர் போன் சிணுங்கியது. திரையில் ஒரு கல் படி, மேலே மஞ்சள், நடுவில் குங்குமம். உடனே இன்னொன்று வந்தது. சார் போனைப் போர்வைமேல் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார். "வெயில்ல ஏறிக்கினு இருக்கா" என்றார், என்னைப் பார்க்காமல். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று நின்றேன். கைக்கு அடியில் போன் சிணுங்கிக்கொண்டே இருந்தது.

இதைப் பற்றி சார் கட்டுரை எழுதவில்லை. அதனால் நான் எழுதினேன். இரங்கல் கூட்டத்தில் இதைச் சொல்லலாமா என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது ஒரே ஒரு வாக்கியம்தான். உங்களுக்கும் அதையே தருகிறேன். நான் ஆளைப் பற்றி எழுதவில்லை.