பாலத்தைத் தாண்டிப் பிறந்தவர்கள்

கட்சியை ஆரம்பித்தது வெல்டர்தான். ஆலை வேலையெல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்களுக்கே போகிறது என்ற எரிச்சலில், தன் பட்டறையில் பன்னிரண்டு பேரை உட்காரவைத்துத் தொடங்கி, தானே செயலாளரும் ஆனார். மூன்றே வருடத்தில் நகரசபையில் ஐந்து இடம். அவர் உள்ளே நுழைந்தால் ஆலை மேலாளர் எழுந்து நிற்பார். வெல்டருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தது நகரசபைத் தலைவர் நாற்காலிதான் என்று முடிவே செய்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மருந்துக்கடைக்காரர் கட்சியில் சேர்ந்து, ஒரு பொறுப்புக்கும் வந்தார். அந்தப் பக்கம் பிறந்து, இருபது வருடம் முன்பு இங்கே கடை போட்டவர். மேடையில் கைதட்டல் அவருக்குத்தான் அதிகம். வெல்டருக்கு வயிறு எரிந்தது. கட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள் இந்தப் பக்கம் பிறந்ததற்குச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்து, அன்றைக்கே நிறைவேற்றிவிட்டார்.

மருந்துக்கடைக்காரர் சிரித்தார். "செயலாளரே, மொதல்ல உங்களோடதைக் காட்டுங்க. பார்த்துக் கத்துக்கறோம்."

"காட்றேன்யா. உன் மூஞ்சியிலேயே ஒட்டறேன்."

வீட்டுக் காகிதங்கள் அக்காவிடம் இருந்தன. அவள் பெட்டியைத் திறந்து எடுத்து நீட்டினாள். பிறந்த இடம், பாலத்துக்கு அந்தப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி.

"அப்ப இங்க ஏதுடா பிரசவம் பார்க்க ஆஸ்பத்திரி? உன் கட்சியில பாதிப் பேரு அங்க பொறந்தவனுங்க. இதுகூடத் தெரியாமலா விதி போட்டே?"

"வெளிய ஒரு வார்த்தை போச்சு, அக்கான்னு பார்க்கமாட்டேன்."

"பார்க்காதே. விதியை மட்டும் எடுத்துடு."

எடுத்தால் மருந்துக்கடைக்காரர் முந்திக்கொள்வார். அதனால் தன்னுடையதை மறைத்துவிட்டு, மற்றவர்களுடையதைக் கேட்டார். நாற்பது பொறுப்பாளர்களில் இருபத்தாறு பேருக்கு அதே ஆஸ்பத்திரி. மருந்துக்கடைக்காரர் உட்பட அத்தனை பேரையும் துரோகிகள் என்று நீக்கினார். அவர்கள் போகும்போது தெருமுனைக் கொடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போனார்கள். மிச்சமிருந்தவர்களும் மெல்ல நழுவினார்கள். தேர்தல் மனுவில் பத்துப் பொறுப்பாளர்கள் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாளன்று அவரோடு இருந்தது நாலு பேர்.

மதியம் மருந்துக்கடைக்காரர் பட்டறைக்கே வந்து நின்றார்.

"மூணு மணிக்குள்ள மனுக் கொடுக்கணும். நீங்க நீக்குனவங்க எல்லாரும் என் கடையில ஒக்காந்திருக்காங்க. விதியை எடுங்க, வந்து கையெழுத்துப் போடறோம். நீங்களே நில்லுங்க, நான் ஒதுங்கிக்கறேன்."

"எதுக்கு இந்தப் பெரிய மனசு?"

"கட்சி செத்துடக் கூடாதுன்னுதான். நீங்களும் அங்க பொறந்தவர்னு ஊருக்கே தெரியும். யாரும் அதைப் பெருசா எடுத்துக்கலை."

வெல்டருக்கு முகம் கறுத்தது. இத்தனை நாள் தன் முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறார்கள்!

"உன் பிச்சையில வர்ற நாற்காலி எனக்கு வேண்டாம். வெளிய போய்யா!"

முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு பாதி வேலையில் கிடந்த இரும்புக் கதவின் மூலையில் குனிந்தார். பொறி பறந்தது. மருந்துக்கடைக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"மணி மூணுடா," என்றாள் அக்கா வாசலிலிருந்து.

கதவின் அந்த மூலை எப்போதோ ஒட்டிவிட்டது. அவர் அதன்மேலேயே இன்னும் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.